ஈஸ்ட் போடும் வரை நம்புங்கள்: வீட்டு பீரும் டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டரும்

பீர் காய்ச்சும்போது சர்க்கரையை அளக்க டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கப்போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஈஸ்ட் போடும் வரை அதை நம்புங்கள், போட்ட பிறகு அது காட்டும் எண்ணைக் கிராவிட்டி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் வருகிறது.

இந்தக் கருவி அடர்த்தியை அளப்பதில்லை. திரவத்தில் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்க்கிறது. 20 டிகிரி செல்சியஸில் தூய நீரின் ஒளிவிலகல் எண் 1.333. சர்க்கரை கரையக் கரைய அது ஏறும். அந்த ஏற்றத்தைச் சாதாரணச் சர்க்கரைக் கரைசலோடு ஒப்பிட்டு, 100 கிராம் கரைசலில் எத்தனை கிராம் சர்க்கரை என்று பிரிக்ஸில் சொல்லும். ஆனால் வோர்ட்டில் (ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய இனிப்பான மால்ட் சாறு) இருப்பது பெரும்பாலும் மால்டோஸ், கூடவே டெக்ஸ்ட்ரின், புரதம். அதனால் எண் கொஞ்சம் கூடுதலாகவே வரும். பொதுவாக 1.04 ஆல் வகுத்தால் பிளாட்டோ அளவு, அதாவது 100 கிராம் வோர்ட்டில் கரைந்திருக்கும் பொருள் எத்தனை கிராம் என்பது, கிடைக்கும்.

நான் காய்ச்சுவது டொரொண்டோவில், வீட்டு கராஜில். (கனடாவில் சொந்தக் குடிப்புக்குக் காய்ச்சச் சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம்.) குளிர்காலத்தில் கருவியைக் கராஜிலேயே வைத்துவிடக் கூடாது. பல கருவிகளில் தானியங்கி வெப்பத் திருத்தம் 10 டிகிரிக்கு மேல்தான் வேலை செய்யும். நான் அதை வீட்டுக்குள் வைத்திருந்து, தேவைப்படும்போது எடுத்துப் போகிறேன்.

முதலில் டிஸ்டில்டு வாட்டர் சில சொட்டு விட்டுப் பூஜ்யம் செய்யுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உப்புகள் கரைந்திருக்கும். பிறகு மெல்லிய டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். மாதிரியை விடும் கண்ணாடியான பிரிஸத்தின் மேல் உலோகக் கரண்டி படவே கூடாது, கீறல் விழுந்தால் கருவி வீண்.

மாதிரி எடுப்பதில்தான் உண்மையான கவனம் தேவை. பாத்திரத்தை நன்றாகக் கலக்கிவிட்டு எடுங்கள். மால்ட் எக்ஸ்ட்ராக்டில் (மால்ட் சாற்றைச் சுண்டவைத்த பாகு அல்லது பொடி) காய்ச்சி மேலே தண்ணீர் சேர்ப்பவர்கள் இரண்டு மடங்கு கலக்க வேண்டும், ஏனென்றால் கனமானது அடியிலேயே தங்கிவிடும். கொதிக்கும் வோர்ட்டை நேராகச் சொட்டினால் அந்த நொடியிலேயே ஆவி போய், மிச்சம் பாகு மாதிரி இறுகி, எண் ஏறிவிடும். பிளாஸ்டிக் பிப்பெட்டில் உறிஞ்சி, அதற்குள்ளேயே சில நிமிடம் ஆற விடுங்கள். முதல் சில சொட்டுகளை வெளியே விட்டுவிட்டு, அடுத்து வருவதைக் கருவியில் விடுங்கள். குழி நிறைய வேண்டும், குமிழி இருக்கக் கூடாது. அரை நிமிடம் பொறுத்து, வெளிச்சம் விழாமல் கையால் மறைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்து, எண் அசையாமல் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவி 12.5 பிரிக்ஸ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.04 ஆல் வகுத்தால் 12 பிளாட்டோ, அதாவது கிராவிட்டி 1.048. திருத்தாமல் விட்டால் 1.050 என்று நினைத்துக்கொள்வீர்கள். சரி, எல்லோருக்கும் 1.04 தானா? இல்லை. ஒரே வோர்ட்டை 20 டிகிரிக்கு ஆற்றி, ஹைட்ரோமீட்டரிலும் (திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி) இதிலும் பாருங்கள். இதன் பிரிக்ஸை அதன் பிளாட்டோவால் வகுங்கள். நாலைந்து முறை காய்ச்சும்போது இப்படிச் செய்து சராசரி எடுத்தால் உங்கள் எண் தெரிந்துவிடும். அடாகோ, மில்வாக்கி போன்ற கைக்கருவிகளின் துல்லியம் ±0.2 பிரிக்ஸ், ஏறக்குறைய ஒரு கிராவிட்டி புள்ளி (1.048 என்றால் 48 புள்ளி). அதனால் 1.048க்கும் 1.049க்கும் மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

கொதிக்கும் நேரத்தில் இதற்கு இணை கிடையாது. ஹைட்ரோமீட்டருக்கு ஒரு குழாய் நிறைய வோர்ட்டை ஆற்றி முடிப்பதற்குள் கொதி எங்கேயோ போய்விடும். தண்ணீர்தான் ஆவியாகிறது, சர்க்கரை போவதில்லை. எனவே 27 லிட்டரில் 1.040 இருந்தால் மொத்தம் 27 × 40 = 1080 புள்ளிகள். அது 22 லிட்டராகச் சுண்டினால் 49, அதாவது 1.049. குறைவாக வரும் என்று முன்பே தெரிந்தால் கொதியை நீட்டலாம், அல்லது டிரை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் சேர்க்கலாம். 20 லிட்டருக்கு 100 கிராம் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு புள்ளி ஏறும். அடுப்பில் இருக்கும்போதே திருத்த முடிகிற இந்த வசதிக்காகவே நான் கருவிக்குக் காசு கொடுப்பேன்.

அப்புறம் ஈஸ்ட் வேலையைத் தொடங்குகிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட ஒளியை அதிகம் வளைக்கும், ஆனால் அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் பிரிக்ஸ் எண் பொய்யாக உயரத்திலேயே நிற்கும். 12.5இல் தொடங்கிய பீர் 6.5இல் நிற்கிறது என்றால், நேராக மாற்றினால் 1.025 வரும். ஈஸ்ட் பாதியில் படுத்துவிட்டது என்று பயந்து புது ஈஸ்ட் போடுகிறவர்கள் உண்டு. தொடக்க எண்ணையும் சேர்த்துக் கணக்கிடும் ஆல்கஹால் திருத்தச் சூத்திரத்தில் போட்டால் அதே பீர் சுமார் 1.012. நொதிப்பு நன்றாகவே முடிந்திருக்கிறது, ஆல்கஹால் 4.7 சதவீதம். இணையத்தில் இதற்கான கணிப்பான்கள் நிறைய உண்டு. தொடக்க பிரிக்ஸைக் குறித்து வைக்காவிட்டால் அவை எதுவும் உதவாது.

நொதிப்பு நின்றுவிட்டதா என்று பார்க்க மட்டுமானால் கணக்கே வேண்டாம். குமிழி போகக் குலுக்கிய மாதிரி மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டினால் நின்றுவிட்டது. ஆனாலும் புட்டியில் அடைக்கும் முன் ஒருமுறை ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பாருங்கள். சர்க்கரை மிச்சமிருக்கும் பீரை மூடினால் கண்ணாடிப் புட்டி வெடிக்கும். அந்த ஒரு குழாய் பீரை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம், அளந்து முடித்ததும் குடித்துப் பாருங்கள்.