அப்பா அம்மா தாய்லாந்துக்கு வருகிறார்களா? விசா முதல் வழியனுப்புவது வரை

பாங்காக்குக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள் ஆனதும் ஊரிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிடும்: "நாங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகட்டுமா?" உடனே பட்டாயா, புக்கெட், சியாங் மாய் என்று பட்டியல் போட உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் அவர்கள் பார்க்க வருவது நம்மை. பிள்ளை எங்கே தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான், அவசரத்துக்கு யார் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டால் ஊருக்குப் போய் நிம்மதியாக இருப்பார்கள். அதனால் முதல் வேலை, நம் தெருவில் அவர்கள் தாங்களாகவே நடமாடும்படி செய்வது. மற்ற இடமெல்லாம் அப்புறம்தான்.

படி 1: மாதம்

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். வெயில் இருந்தாலும் காலையில் நடக்கலாம். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும், தெருவில் தண்ணீர் நிற்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பாங்காக்கில் காற்று மாசு ஏறும் நாட்கள் உண்டு. சியாங் மாய்ப் பக்கம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை சூழ்ந்துவிடும். அப்பாவுக்கு இழுப்பு இருந்தால் அந்த மாதங்களில் வடக்கே போக வேண்டாம்.

ஏப்ரலில் வெயில் கடுமை. ஆனாலும் ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அதாவது தாய்லாந்துப் புத்தாண்டு. நம் சித்திரை ஒன்றும் அதற்குள் வந்துவிடும். வீடுகளிலும் கோயில்களிலும் பெரியவர்களின் கையில் வாசனை நீர் ஊற்றி ஆசி வாங்குவார்கள். உங்கள் பக்கத்து வீட்டுத் தாய்க்காரர்கள் அம்மாவின் கையிலும் ஊற்ற வரலாம். அதற்காகவே ஏப்ரலில் வரவழைப்பவர்கள் உண்டு. அப்படி வந்தால் பகலில் தெருப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாளி வாளியாகத் தண்ணீர் வந்து விழும்.

படி 2: காகிதங்கள்

விசா விதி அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் முன் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் இதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் வந்தால் அது வேறு யாரோ நடத்துவது, மூடிவிடுங்கள். அம்மா அப்பாவை நிரப்பச் சொல்லாமல் நீங்களே இங்கிருந்து நிரப்பி, அச்செடுக்கச் சொல்லி ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.

திரும்பும் டிக்கெட், உங்கள் முகவரி, உங்கள் வேலை அனுமதியின் நகல் மூன்றையும் ஒரே கவரில் போட்டு அப்பாவின் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். குடிவரவு அதிகாரி கேட்டால் பேசத் தேவையில்லை, கவரை நீட்டினால் போதும்.

பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அந்தப் படிவத்தின் பெயர் டிஎம்30. வீட்டுக்காரரிடமோ அடுக்ககத்தின் அலுவலகத்திலோ முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படி 3: இறங்கும் நாள்

எந்த விமான நிலையம் என்று டிக்கெட்டில் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு உண்டு, இரண்டும் நகரின் வெவ்வேறு திசையில் இருக்கின்றன. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். "எனக்கெதுக்கு" என்று அப்பா மறுப்பார். சுவர்ணபூமியில் விமானத்திலிருந்து குடிவரவு வரை நடக்கும் தூரத்தைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்.

இரவு விமானத்தில் தூங்காமல் விடியற்காலையில் வந்து இறங்குவார்கள். அன்றைக்கு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ரசம் சாதம், குளியல், தூக்கம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கச் சொல்லுங்கள், மாத்திரை நேரத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

படி 4: உங்கள் தெரு

இந்தப் படிக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். விடுப்பு குறைவாக இருந்தால் புக்கெட்டை விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள்.

முதலில் ஒரு அட்டை. உங்கள் முகவரியைத் தாய் எழுத்தில், பெரிதாக, உங்கள் கைப்பேசி எண்ணோடு அச்சடித்து இரண்டு பிரதி எடுங்கள். அப்பாவின் சட்டைப் பையில் ஒன்று, அம்மாவின் பர்ஸில் ஒன்று. எங்கே வழி தவறினாலும் டாக்சிக்காரரிடம் அதைக் காட்டினால் வீடு வந்து சேரலாம். கிராப் என்னும் வாடகை வண்டிச் செயலியில் அலுவலகத்தில் இருந்தபடியே வண்டியை உங்கள் கைப்பேசியில் அவர்களுக்காகப் பிடித்துக் கொடுக்கலாம், பணமும் உங்கள் கார்டிலேயே போய்விடும்.

அப்புறம் அடுக்ககத்தின் காவலாளி, கீழே இட்லி அளவு வட்டத்தில் தேங்காய்ப்பால் பலகாரம் சுடும் அக்கா, செவன் லெவன் கடைப் பிள்ளைகள். எல்லோரிடமும் "இவர்கள் என் அப்பா அம்மா" என்று அழைத்துப் போய் அறிமுகம் செய்யுங்கள். தாய்க்காரர்கள் பெரியவர்களைக் கண்டால் கைகூப்பிவிடுவார்கள், நம்மவர்களுக்கும் அது கைவந்ததுதான். அப்பா "ஸவத்தீ க்ரப்" என்றும் அம்மா "ஸவத்தீ க்கா" என்றும் சொல்லப் பழகினால் தெருவே தெரிந்த தெருவாகிவிடும்.

காலை ஆறரைக்குப் பக்கத்துச் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். என் அம்மா அங்கே ஒரு கடை முன்னால் நின்றுவிட்டார். தட்டில் கொத்துக் கொத்தாகச் சுண்டைக்காய். இங்கே அதைப் பச்சைக் குழம்பில் முழுசாகப் போடுவார்கள். பக்கத்தில் வாழைப்பூ, முருங்கைக்காய், கட்டுக்கட்டாகக் கோவைக்கீரை, அகத்திப்பூ. வல்லாரையை அரைத்துச் சாறாக விற்கிறார்கள், சங்குப்பூவை ஊறவைத்து நீல நிறப் பானம். அம்மா ஒரு சுண்டைக்காயை நகத்தால் கீறிப் பார்த்து முற்றல் என்று கீழே வைத்தார். கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து இளசாக வேறு கூடையை எடுத்து வந்தார். விலையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார், அம்மா நோட்டை நீட்டினார். இருவருக்கும் மொழி தேவைப்படவில்லை. மறுநாள் என்னை எழுப்பாமலே அம்மா சந்தைக்குப் போய் வந்துவிட்டார்.

படி 5: சாப்பாடு

சைவக் குடும்பம் என்றால் இங்கே கவனம் வேண்டும். "காய்கறி மட்டும்" என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றித்தான் வதக்குவார்கள். கேட்க வேண்டியது "கின் ஜே", அதாவது மீன் சாறுகூடச் சேராத சுத்த சைவம். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தோடு பலகையோ கொடியோ தொங்கும் கடை ஜே கடை. அங்கே பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள், விரதக்காரர்களுக்கும் ஒத்துவரும். மற்ற கடைகளில் "மை ஸை நம் ப்லா" என்றால் மீன் சாறு வேண்டாம், "மை ஸை கபி" என்றால் இறால் விழுது வேண்டாம். பப்பாளிக்காய் சாலட் சொன்னால் "மை ஸை குங் ஹேங்" என்று காய்ந்த இறாலையும் தடுத்துவிடுங்கள். அசைவம் சாப்பிட்டாலும் மாடு, பன்றி வேண்டாம் என்பவர்களுக்கு: "நுவா" மாடு, "மூ" பன்றி, "கை" கோழி.

ஆனால் மூன்று வேளையும் வெளியே வேண்டாம். நடு வயது தாண்டியவர்களுக்கு ஒரு வேளையாவது வீட்டுச் சோறு வேண்டும். பாஹுராட் பக்கம் இந்தியக் கடைகளில் பருப்பு, கறிவேப்பிலை, பொடி எல்லாம் கிடைக்கும், சாம் யோட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கழிப்பறை பற்றி அம்மா கேட்கத் தயங்குவார், நீங்களே சொல்லிவிடுங்கள்: பெரும்பாலான இடங்களில் தண்ணீர்க் குழாய் உண்டு, பெட்ரோல் பங்குகளில்கூட.

படி 6: ஒரு காலைக்கு ஒரு இடம்

அரண்மனை, படுத்திருக்கும் புத்தர், வாட் அருண் கோயில் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று எல்லாத் திட்டத்திலும் எழுதியிருப்பார்கள். முழங்கால் வலியோடு வரும் பெற்றோருக்கு அது தண்டனை. காலை ஒரு இடம், மதியம் வீடு, மாலையில் மனமிருந்தால் ஆற்றங்கரை.

அரண்மனை காலை 8.30க்குத் திறக்கும், வெளிநாட்டவருக்கு 500 பாட். சாதோர்ன் துறையிலிருந்து ஆரஞ்சுக் கொடிப் படகில் தா சாங் துறைக்குப் போனால் போக்குவரத்து நெரிசலே இல்லை, பயணமே ஒரு காட்சி. தோளும் முழங்காலும் மறைய வேண்டும். புடவைக்கும் வேட்டிக்கும் தடை இல்லை, கையில்லாத ரவிக்கை மட்டும் வேண்டாம். வாசலுக்கு முன்பே யாராவது வந்து "இன்று மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன்" என்றால் நிற்காமல் நடங்கள். அந்த ஆட்டோ கடைசியில் நகைக்கடையில்தான் நிற்கும்.

உள்ளே கூட்டம் மரகத புத்தரை நோக்கி ஓடும். நீங்கள் அவரை வணங்கிவிட்டுச் சுற்று மண்டபத்துக்கு வாருங்கள். ராமகியென் என்னும் தாய் ராமாயணம் 178 ஓவியப் பகுதிகளாகச் சுவர் முழுக்க ஓடுகிறது. நிழல் உண்டு, உட்காரவும் இடம் கிடைக்கும். பச்சை நிறத்தில் ராமர், பொன்னிறத்தில் இலட்சுமணர், வெள்ளையாக அனுமன். கதை தெரிந்தவர்களுக்கு வழிகாட்டி வேண்டாம், அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். இங்கே அனுமன் பிரம்மச்சாரி இல்லை, இராவணனின் மகளான மீன் உடல் கொண்ட பெண்ணை விரும்புகிறார். இதைக் கேட்டதும் என் அப்பா அந்தச் சுவரை விட்டு நகர மறுத்துவிட்டார்.

படுத்திருக்கும் புத்தர் உள்ள வாட் போ கோயில் இன்னொரு காலைக்கு. சனாம் சாய் மெட்ரோவிலிருந்து கொஞ்சம் நடை. 46 மீட்டர் நீளப் புத்தரின் உள்ளங்காலில் முத்துச்சிப்பியால் இழைத்த 108 மங்கலச் சின்னங்கள் இருக்கின்றன. பின்பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போகலாம். வாட் அருணை எதிர்க்கரையிலிருந்து மாலையில் பார்த்தாலே போதும். அதன் படிகள் செங்குத்து.

எந்தப் புத்தர் சிலைக்கும் கால் நீட்டி உட்காரக் கூடாது. பிக்குகளைப் பெண்கள் தொடக் கூடாது. தெருக் குழந்தையின் தலையைத் தடவிக் கொஞ்சும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடச் சொல்லுங்கள்.

படி 7: சீலோம் அம்மனும் திருவெம்பாவையும்

சுரசக் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், சீலோம் சாலையில் மகா மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் எழுப்பியது. இன்று வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்க்காரர்கள். அம்மாவுக்கு இதைவிட ஆறுதலான இடம் இந்த ஊரில் இல்லை. நவராத்திரியில் வந்தால் விஜயதசமி இரவு அம்மன் வீதியுலாவைப் பார்க்கலாம், சாலையையே அடைத்து வழி விடுவார்கள்.

அடுத்து சாவ் சிங் சா என்னும் ராட்சத ஊஞ்சல் கம்பம். அதன் அருகே தேவஸ்தான், 1784இல் மன்னர் முதலாம் ராமா கட்டிய அந்தணர் கோயில். அரசவை அந்தணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் திரியம்பவாய் விழாவில் நம் திருவெம்பாவையின் அடிகள் இன்றும் ஓதப்படுகின்றன, தலைமுறை தலைமுறையாக உச்சரிப்பு மாறி. ஊஞ்சலாட்டம் 1935க்குப் பிறகு நின்றுபோனது, விழா நிற்கவில்லை. மார்கழியில் திருவெம்பாவை பாடும் வீட்டிலிருந்து வருபவர்களை இங்கே கட்டாயம் அழைத்து வாருங்கள்.

படி 8: வெளியூர்

ஒன்று போதும். அயுத்தயா ரயிலில் ஒன்றரை மணி நேரம். 1767இல் பர்மியப் படை அழித்த தலைநகர். வாட் மகாதாட்டில் மரவேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலை இருக்கிறது. படம் எடுப்பதானால் அந்தத் தலையைவிடத் தாழ்வாகக் குனிந்து உட்கார வேண்டும். நிழல் குறைவு, பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

மலாயாத் தோட்டங்களுக்குப் போன உறவுகள் உள்ள குடும்பம் என்றால் அயுத்தயாவுக்குப் பதில் காஞ்சனபுரி. 1942, 43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதைக்காக அந்தத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்துப்போனார்கள். நேச நாட்டுச் சிப்பாய்களின் கல்லறைகள் அங்கே சுமார் 7,000, வரிசை வரிசையாகப் பெயர் பொறித்து. நம்மவர்களுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. சில அப்பாக்களுக்கு இது வீட்டில் கேட்ட கதையாக இருக்கும். அன்றைக்கு வேறு எந்த இடத்தையும் சேர்க்காதீர்கள்.

படி 9: உடம்பு

பயணக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏற விடாதீர்கள், ஏற்கெனவே உள்ள சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அதில் சேருமா என்று கேட்டு வாங்குங்கள். மாத்திரைகள் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வரட்டும். சில வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் இங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. ஆம்புலன்சுக்கு 1669, ஆங்கிலத்தில் உதவி கேட்கச் சுற்றுலாக் காவல்துறை 1155. இரண்டையும் முகவரி அட்டையின் பின்புறம் எழுதுங்கள்.

மசாஜ் ஆசை இருந்தால் கால் மசாஜ் போதும். எலும்பு மெலிவோ முழங்கால் அறுவையோ ஆனவர்களுக்கு முறுக்கி நீட்டும் முழு மசாஜ் வேண்டாம். "பௌ பௌ" என்றால் மெதுவாகச் செய்வார்கள்.

படி 10: திரும்பும் நாள்

முந்தைய இரவே பெட்டியை எடை போட்டுவிடுங்கள். காய்ந்த மாம்பழம், புளி மிட்டாய், மருந்துத் தைலப் புட்டி என்று அம்மா வாங்கியது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கும். தைலம் கைப்பையில் வேண்டாம், பெட்டியில். துரியன் பழம் எதிலும் வேண்டாம். சுவர்ணபூமியில் குடிவரவு தாண்டியதும் தேவரும் அசுரரும் வாசுகியை இழுத்துப் பாற்கடல் கடையும் பெரிய சிற்பம் இருக்கிறது. அதைப் பார்த்து, படம் எடுத்துக்கொள்ள நேரம் வேண்டும் என்று மூன்று மணி நேரம் முன்பே கொண்டுபோய் விடுங்கள். நீங்கள் அதற்கு மேல் உள்ளே போக முடியாது, சக்கர நாற்காலி தள்ளுபவரிடம் அங்கே ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி அனுப்புங்கள்.