2^19937 − 1 பகா எண்தானா? பைத்தானில் நாமே நிரூபிக்கலாம்

பைத்தானின் ரேண்டம் மாட்யூலுக்குள் இருப்பது மெர்சென் ட்விஸ்டர் என்ற, சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் வழிமுறை. 2^19937 − 1 எண்கள் வந்த பிறகுதான் அதன் வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த எண் பகா எண் என்று 1971-இல் பிரையன்ட் டக்கர்மன் கண்டுபிடித்தார். இன்று அதைச் சரிபார்க்க ஒரு சாதாரண மடிக்கணினி போதும்.

எக்செல் வேண்டாம்; 15 இலக்கத்துக்கு மேல் அது துல்லியமாக வைத்துக்கொள்ளாது. பைத்தான் 3 போதும். மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே வைக்கலாம்:

ப = 19937
மெ = 2**ப - 1
ச = 4

முதலில் ப பகா எண்ணா என்று பாருங்கள். ப பகு எண்ணாக இருந்தால் மெ-யும் பகு எண்தான், மேலே போகவே வேண்டாம்.

அடுத்த படியில்தான் பலர் வழுக்குகிறார்கள். 2-ஐ (மெ − 1) அடுக்குக்கு உயர்த்தி மெ-ஆல் வகுத்து, மீதி 1 வந்ததும் பகா எண் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் 2^ப-ஐ மெ-ஆல் வகுத்தாலே மீதி 1. ப பகா எண் என்றால் மெ − 1 எப்போதும் ப-இன் மடங்கு. ஆக, மெ எப்படிப்பட்ட எண்ணாக இருந்தாலும் மீதி 1 தான் வரும்! 2^11 − 1 = 2047-ஐப் போட்டுப் பாருங்கள். மீதி 1 வரும்; ஆனால் 2047 = 23 × 89. 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால் 2047 மாட்டிக்கொள்ளும். ஆனாலும் 3-இல் தேறிவிட்டால் மட்டும் அது நிரூபணம் ஆகாது.

நிரூபணம் வேண்டுமென்றால் லூக்காஸ்–லெமர் சோதனைதான். கீழே உள்ள வரியை ஒரு ஃபார் லூப்புக்குள் போடுங்கள்:

ச = (ச * ச - 2) % மெ

இது ப − 2 தடவை, அதாவது 19935 தடவை ஓடவேண்டும். ஒரு தடவை கூடினாலும் குறைந்தாலும் விடை தப்பு. எடுத்த எடுப்பில் பெரிய எண்ணுக்குப் போகாமல் ப = 7 வைத்துப் பாருங்கள்: 4, 14, 67, 42, 111, 0. கடைசியில் 0 வந்தால் பகா எண். ப = 11-க்கு 1736-இல் நிற்கும், அதனால் பகு எண். இரண்டும் சரியாக வந்தால் 19937-ஐக் கொடுங்கள். வேகம் போதவில்லை என்றால், பெரிய எண்களை வேகமாகக் கணக்கிடும் பைத்தான் நூலகமான ஜிஎம்பிஒய்2 (gmpy2) நிறுவுங்கள். பெரிய எண்களுக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

சேர்க்கை: மெ-யை பிரின்ட் செய்தால் வேல்யூ எரர் வருகிறது என்று கருத்துப் பகுதியில் சிலர் கேட்டிருந்தார்கள். உங்கள் கணக்கில் பிழை இல்லை. பைத்தான் 3.11 முதல், 4300 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணைப் பதின்ம எழுத்தாக மாற்ற வரம்பு உண்டு. சிஸ் மாட்யூலில் அந்த வரம்பை 0 ஆக்கினால் முழுசாகத் தெரியும். இலக்க எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் அச்சிடவே வேண்டாம்: 19937 × 0.30103 ஏறக்குறைய 6001.6, ஆக 6002 இலக்கங்கள். இரும வடிவில் அச்சிட இந்த வரம்பு தடையில்லை. வரிசையாக 19937 ஒன்றுகள் வரும்.