மேப்பிள் மஞ்சள் எங்கே போனது?

அக்டோபர் சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தின் ஹோம்கமிங் ஊர்வலம். பழைய மாணவர்கள் திரும்பி வரும் இந்த விழாவை அங்கே 1911-இலிருந்து நடத்துவதாகச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். வாத்தியக் குழுவைப் படமெடுத்துத் தள்ளினேன். வீட்டில் பார்த்தால் முகமெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. கறுப்புச் சீருடை சட்டகத்தை நிறைத்ததால், இருட்டு என்று நினைத்த கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது!

அடுத்த ஆண்டு, கேமரா கணக்கிடும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1-க்கு இறக்கினேன். முகங்கள் திரும்பக் கிடைத்தன. ஆனால் நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், மேப்பிள் இலைகளின் பொன்னிறத்தை மங்கடித்தது. மேகமூட்டத்துக்கான, மஞ்சளைக் கூட்டும் ‘கிளவுடி’க்கு மாற்றினேன், சரியானது.

அப்புறம் முரசுக் குச்சி. 1/125 விநாடி ஷட்டர் வேகத்தில் புகைபோலக் கலங்கியது, 1/640-இல் உறைந்து நின்றது. கொஞ்சம் கலங்கினால்தான் அடி காதில் விழுகிறது, இப்போது 1/250.