டோட்டல் ஸ்டேஷன் கேமரா குறி தள்ளி நிற்கிறதா? கேமராவைக் கடைசியில் தொடுங்கள்

கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவிதான் டோட்டல் ஸ்டேஷன். அதன் கேமரா திரையில் கட்டடத்தின் மூலையைத் தொடுகிறீர்கள், கருவியும் திரும்பி நிற்கிறது, டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தால் கிராஸ் ஹேர் (உள்ளே தெரியும் குறுக்குக் கோடு) மூலையை விட்டு நாலு விரல் தள்ளி இருக்கிறது. உடனே மெனுவுக்குள் போய் கேமரா கேலிபரேஷனை (கேமரா குறியைத் திருத்தும் வசதி) அழுத்தத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள், அது கோளாறே இல்லாமலும் இருக்கலாம்.

அகலமாகக் காட்டும் கேமரா டெலஸ்கோப் பார்வைக் கோட்டில் இல்லை, சில சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அந்த இடைவெளி 5 செ.மீ. என்று வைத்தால் 10 மீட்டரில் சுமார் 17 மினிட் (ஒரு டிகிரியில் 60 மினிட்) விலகல், 100 மீட்டரில் 2 மினிட்டுக்கும் குறைவு. தூரத்தை அளந்த பிறகு மென்பொருள் இதைக் கணக்கிட்டுத் திரைக்குறியை நகர்த்திவிடும். நிறையப் பேர் தூரம் அளக்காமலே, இல்லை என்றால் முந்தைய புள்ளியின் தூரம் உள்ளே கிடக்கும்போதே பார்த்துவிட்டுக் கருவியைக் குறை சொல்கிறார்கள். டெலஸ்கோப் வழியாகவே பார்க்கும் கேமராவில் இந்தத் தொல்லை கிடையாது.

ஆகவே முதல் சோதனை இது: 20 மீட்டரில் ஒன்று, 100 மீட்டரில் ஒன்று எனக் கறுப்பு வெள்ளைக் குறி ஒட்டி, இரண்டுக்கும் தூரம் அளந்துவிட்டுப் பாருங்கள். திரைக்குறி இரண்டிலும் சரியாக விழுந்தால் வேலை முடிந்தது. தூரத்துக் குறியில் விலகல் மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆனால் கேமராவின் கோணம் விலகியிருக்கிறது, அல்லது டெலஸ்கோப்பின் பார்வைக் கோடே விலகியிருக்கிறது. இதில் எது என்று பிரிக்காமல் மேலே போகவே கூடாது, ஏனென்றால் கேமராவின் திருத்த எண் டெலஸ்கோப் கோட்டை வைத்துத்தான் சேமிக்கப்படுகிறது; அடிப்படையே தப்பாக இருந்தால் அந்தத் தப்பு கேமராவுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வண்டியிலிருந்து இறக்கியதும் ஆரம்பிக்காதீர்கள். வெளி வெப்பத்துக்குக் கருவி பழக, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 2 நிமிடம், குறைந்தது 15 நிமிடம் வேண்டும். ஏ.சி. அறையிலிருந்து வெயிலுக்கு வந்த கருவி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலைப் பொழுது நல்லது, மதியத்தில் 100 மீட்டர் தாண்டினால் குறி நெளியும். கண்வில்லையைத் திருகி கிராஸ் ஹேரைக் கூர்மையாக்கிவிட்டு, கருவி மட்டமாக நிற்கிறதா என்று பபுள் சரிபார்த்து, காம்பென்சேட்டர் (சிறு சாய்வைத் தானே ஈடுசெய்யும் பகுதி) சோதனையையும் முடித்துவிடுங்கள்.

அப்புறம் ஃபேஸ் லெஃப்ட், ஃபேஸ் ரைட், அதாவது ஒரே குறியை ஒரு முறை பார்த்துவிட்டு, டெலஸ்கோப்பைப் புரட்டி, கருவியை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி பார்ப்பது. டெலஸ்கோப்பின் பார்வைக் கோடு விலகியிருக்கிறதா என்பது இதில்தான் தெரியும். 100 மீட்டர் வாக்கில், கிட்டத்தட்ட கிடைமட்டத்தில் இருக்கும் குறியை இரண்டு ஃபேஸிலும் பாருங்கள். லெஃப்டில் 45° 10' 20", ரைட்டில் 225° 10' 32" என்றால், 180 டிகிரி கழித்த பின் 12 செகண்ட் (ஒரு மினிட்டில் 60 செகண்ட்) வித்தியாசம், அதில் பாதியான 6 செகண்ட்தான் பிழை. 100 மீட்டரில் அது கிட்டத்தட்ட 3 மி.மீ. செங்குத்துக் கோணத்தில் இரண்டு ஃபேஸையும் கூட்டினால் 360 டிகிரி வர வேண்டும். 16 செகண்ட் கூடுதலாக வந்தால் 8 செகண்ட் பிழை. இதைக் கையால் திருத்தத் தேவையில்லை, சரிபார்ப்பு மெனு இரண்டு மூன்று முறை பார்க்கச் சொல்லித் தானே சேமிக்கும். டில்ட்டிங் ஆக்ஸிஸுக்கு (டெலஸ்கோப் மேலும் கீழும் சாயும் அச்சு) மட்டும் 30 டிகிரி போல உயரமான குறி வேண்டும், மாடி விளிம்பு போதும்.

இப்போதுதான் கேமரா. டெலஸ்கோப்பில் கண்ணால் 100 மீட்டர் குறியின் நடுவில் வைத்து, தூரம் அளந்து, திரையில் முழு ஜூம் போட்டு, திரைக்குறியை அதே நடுவுக்கு நகர்த்திச் சேமியுங்கள். ஜூம் முக்கியம்: அகலக் கேமராவில் ஒரு பிக்சலே 20 செகண்ட் அளவுக்கு வரலாம், ஜூம் இல்லாமல் வைத்தால் அதற்கு மேலும் தள்ளும். தூரம் அளக்க வைக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியான பிரிசத்தை இதற்கு இலக்காக வைக்காதீர்கள், கண்ணாடிக்குள் நடு எது என்று படத்தில் பிடிபடாது. மெனு பெயர் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. சில மாடல்களில் அகலக் கேமராவைத் திருத்தப் பயனருக்கு அனுமதியே இருக்காது.

சேமித்ததும் ஃபேஸ் மாற்றி, அதே குறியையும் 20 மீட்டர் குறியையும் திரும்பப் பாருங்கள், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கருவிப் புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள். அடுத்த மாதம் சோதிக்கும்போது எண் சிறிதாக நகர்ந்திருந்தால் சரி. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பக்கம் குதித்தால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது, கருவியை சர்வீஸுக்கு அனுப்பிவிடுங்கள்.