நவஹோ நகைக்கலை: பேசும்போதும் வாங்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரந்து கிடக்கிறது நவஹோ என்னும் பூர்வகுடி மக்களின் நாடு. அதன் வெள்ளி நகைகளைப் பற்றி எழுதுவோர் எடுத்த எடுப்பில் செய்யும் தவறு, அவற்றை ஆயிரமாண்டுப் பழங்குடிக் கலை என்று சொல்லிவிடுவதே. டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லை மணியாகக் கோத்து அணியும் வழக்கம் அந்நிலத்தில் மிகப் பழையதுதான். வெள்ளி வேலையோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்தது. மெக்சிகோக் கொல்லர் ஒருவரிடம் இரும்பு வேலை பழகிய அட்சிடி சானியையே முதல் நவஹோ வெள்ளிக் கொல்லராகச் சொல்கிறார்கள். 1864இல் அமெரிக்க ராணுவத்தால் நியூ மெக்சிகோவின் பாஸ்கே ரெடாண்டோவுக்கு நடத்திச் செல்லப்பட்டுச் சிறைவைக்கப்பட்ட மக்கள் 1868 உடன்படிக்கைக்குப் பின் ஊர் திரும்பினார்கள். அதன் பிறகே, வெள்ளி நாணயங்களை உருக்கி அடித்து நகையாக்கும் தொழில் அவர்களிடையே வேரூன்றியது.

இதை அறியாதவர்கள் அடுத்ததாக, கலப்பற்ற 'தூய' வடிவத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். எல்லாரும் நவஹோ அடையாளமாகக் கருதும் பூசணிப்பூ மாலையை எடுத்துப் பாருங்கள். அதில் தொங்கும் பூக்கள், ஸ்பானிய, மெக்சிகோ உடைகளை அலங்கரித்த மாதுளை மொட்டு வடிவ வெள்ளிக் குமிழ்களிலிருந்து வந்தவை என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நடுவில் தொங்கும் 'நாஜா' என்ற பிறை, வட ஆப்பிரிக்க முஸ்லிம்களான மூர்களிடமிருந்து ஸ்பானியர்களுக்கு வந்த குதிரைக் கடிவாள அணி. இவற்றால் இந்த மாலையின் நவஹோத் தன்மை ஒரு துளியும் குறையவில்லை என்றே நினைக்கிறேன். வெளியிலிருந்து வந்ததைத் தன் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் திறமையிலேயே இந்தக் கலை வளர்ந்திருக்கிறது.

ஆகவே இன்றைய கலைஞரின் நகையைப் பார்த்து, 'இது நவஹோ வேலை மாதிரியே இல்லையே' என்று ஒதுக்குவது பெரிய அநீதி. நவஹோக் கலைஞர் கென்னத் பிகே, 20ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, வழுவழுப்பான வெள்ளிப் பரப்பை வெறுமையாக விட்டு, ஓரத்தில் மட்டும் அச்சு குத்தி, 'அயர்ன்வுட்' என்னும் கடினமான மரத்தையும் பதித்துக் காட்டியவர். அண்டைப் பூர்வகுடியான ஹோப்பி இனத்தவரான சார்ல்ஸ் லோலோமா கற்களை ஒரே மட்டத்தில் தேய்க்காமல் உயரமும் தாழ்வுமாக நிறுத்தினார். காப்பின் உட்புறத்தில், அணிபவருக்கு மட்டுமே தெரியும்படியும் கல் பதித்தார். அவருடைய துணிச்சல் நவஹோக் கலைஞர்களையும் தொட்டது. ஜெஸ்ஸி மொனோங்யா செய்த கரடிப் பதக்கங்களில், கரடியின் உடலுக்குள் ஓர் இரவு வானமே கல் கல்லாகப் பதிக்கப்பட்டிருக்கும். லீ யாசியின் மக்காச்சோளக் காப்பில் ஒவ்வொரு சோளமணியும் தனியே அறுத்து இழைத்த டர்க்காய்ஸ். வரிசைகளுக்கு இடையே கண்ணுக்கு இடைவெளி தெரியாது. யாசி குடும்பத்தின் நகைகளுக்கென்றே 2014இல் நியூயார்க்கில் அமெரிக்கப் பூர்வகுடி தேசிய அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி நடத்தியது. இத்தகைய கலைஞர்களின் பெயரைச் சொல்லாமல் 'பழங்குடி டிசைன்' என்று படம் போடும் வழக்கம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அச்சில் குத்திய ஒவ்வொரு குறிக்கும் ஆழ்ந்த பொருள் சொல்வதும் தவறே. அம்பு, இடிப்பறவை போன்ற பல குறிகள், 1899 முதல் பிரெட் ஹார்வி நிறுவனம் முதலான வணிகர்கள் ரயில் பயணிகளுக்காக எடை குறைந்த நகைகளைச் செய்யச் சொன்ன காலத்தில் பெருகியவை. 'இதற்கு இது பொருள்' என்ற பட்டியல்களும் விற்பனைக்காகவே தயாரிக்கப்பட்டன. பழைய காப்புகளில் ஸ்வஸ்திகா போன்ற குறியைக் கண்டால், அது இந்தியாவிலிருந்து போனதென்றோ நாஜிச் சின்னமென்றோ முடிவுகட்டக் கூடாது. நவஹோச் சடங்குக் கதையில் வரும் 'சுழலும் மரக்கட்டை' அது. ஹிட்லரின் கொடுமைகளை எதிர்த்து, 1940இல் நவஹோ, ஹோப்பி உள்ளிட்ட நான்கு இனங்களின் பிரதிநிதிகள் இனி அக்குறியைத் தங்கள் கைவினைகளில் பயன்படுத்துவதில்லை என்று கையெழுத்திட்டார்கள்.

இனங்களைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. ஊசிமுனை போன்ற சிறு கற்களை நெருக்கிப் பதிப்பது சூனி இனத்தாரின் கைவண்ணம். மேல்தகட்டில் உருவை வெட்டியெடுத்து, அடித்தகட்டோடு பற்றவைத்து, அடித்தகட்டைக் கருக்குவது ஹோப்பி முறை. கனமான வெள்ளி, ஆழமான அச்சு, மணற்கல் அல்லது எரிமலைக் கல்லைச் செதுக்கிய அச்சில் வார்ப்பது ஆகியவை நவஹோ வேலைக்குப் பெயர்போனவை. எரிமலைக் கல்லில் வார்த்த நகையைத் தடவினால், அக்கல்லின் சொரசொரப்பு வெள்ளியில் அப்படியே விரலுக்குத் தட்டுப்படும். ஆனால் இன்று ஓர் இனத்தார் முறையை இன்னோர் இனத்தார் செய்வதும் இயல்பு. வடிவத்தை மட்டும் பார்த்துச் செய்தவரைத் தீர்மானிக்க முடியாது.

வாங்கும்போது, செய்தவரின் முத்திரை இல்லையென்றால் போலி என்று நினைக்க வேண்டாம். 1930களுக்கு முந்தைய நகைகளில் அது பெரும்பாலும் இருக்காது. மாறாக, 'நவஹோ பாணி' என்ற சொல்லைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். பூர்வகுடியினர் செய்ததென்று பொய் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி குற்றம் என்பதால், 'பாணி' என்ற சொல்லுக்குப் பின்னால் இறக்குமதிச் சரக்கு ஒளிந்துகொள்கிறது. செய்தவர் பெயர் என்ன, எந்த இனத்தவர், கல் இயற்கையானதா, பிசின் ஏற்றி உறுதியாக்கியதா, நிறமேற்றிய வேறு கல்லா என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின் பலர் செய்யும் தவறு, நகையை வெள்ளி துலக்கும் திரவத்தில் முக்குவது. டர்க்காய்ஸ் நுண்துளைகள் கொண்ட கல். திரவத்தையும் வாசனைத் தைலத்தையும் உறிஞ்சி நிறம் மாறிவிடும். அச்சுக் குழிகளில் கலைஞர் வேண்டுமென்றே கருக்கிவிட்ட நிழலும் அதோடு கரைந்துபோகும். மென்மையான உலர்ந்த துணியால் மேட்டுப் பகுதிகளை மட்டும் துடைத்தால் போதும்.