தட்டுவது தெரியாத டெர்மினல்

டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்கும் ஜன்னல். அதற்கான கட்டளைகளை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஓர் இரவு, மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் கணக்கு சர்வரில் பேக்கப் ஸ்கிரிப்டை (வரிசையாக ஓடும் கட்டளைகளின் கோப்பு) ஓடவிட்டேன். கடவுச்சொல் கேட்டபோதுதான் தவறான டிஸ்கைக் கொடுத்துவிட்டது உறைத்தது. அதை நிறுத்த கன்ட்ரோல்-சி அழுத்தினேன். அதன்பின் எதைத் தட்டினாலும் திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. என்டர் அழுத்த அழுத்த $ $ $ $ என்று ஒரே வரியில் டாலர் குறிகள் சேர்ந்துகொண்டே போயின. ஸ்கிரிப்ட் இன்னும் காத்திருக்கிறது போலும் என்று கடவுச்சொல்லைத் தட்டி என்டர் கொடுத்தேன். அப்படியொரு கட்டளையே இல்லை என்ற பிழைச் செய்திக்கு நடுவே என் கடவுச்சொல் எழுத்துக்கு எழுத்து பளிச்சென்று வந்து நின்றது. மறைக்க வேண்டிய ஒன்றை மட்டும் காட்டியது, பாவி.

நடந்தது இதுதான். கடவுச்சொல் வாங்குமுன் ஸ்கிரிப்ட், தட்டுவதைத் திரையில் காட்டும் 'எக்கோ'வை அணைக்கிறது. வாங்கியபின் திரும்பப் போடுகிறது. நான் இரண்டுக்கும் நடுவில் வெட்டிவிட்டேன். எக்கோ என்பது ஸ்கிரிப்டின் சொத்து அல்ல, இயங்குதளத்தின் கருவான கெர்னல் அந்த டெர்மினலுக்காக வைத்திருக்கும் அமைப்பு. அதனால் ஸ்கிரிப்ட் போன பிறகும் அணைந்தபடியே கிடக்கலாம்.

முதலில் கன்ட்ரோல்-யூ அழுத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு தட்டிய மிச்சம் ஏதாவது இருந்தால் அழிந்துவிடும். பிறகு, டெர்மினல் அமைப்புகளை மாற்றும் கட்டளையான எஸ்டிடிஒய்: 'எஸ்டிடிஒய் சேன்' என்று தட்டி என்டர். எழுத்து தெரியாது, ஆனால் போய்ச் சேரும். 'சேன்' என்றால் புத்தி தெளிந்த நிலை. பெயர் வைத்தவருக்கும் இப்படி ஓர் இரவு வாய்த்திருக்க வேண்டும்.

சில நேரம் என்டரே வேலை செய்யாமல் ^எம் என்று துப்பும். என்டர் விசை அனுப்புவது 13ஆம் எண் குறி. அதை 10ஆம் எண்ணாக மாற்றிக் கொடுப்பது கெர்னலின் வேலை, அந்த மாற்றம் அணைந்திருக்கிறது. நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல் ஷெல். அவற்றில் பேஷ் இதைச் சமாளித்துக்கொள்ளும், எளிய ஷெல்கள் தடுமாறும். கன்ட்ரோல்-ஜே நேராகவே 10ஐ அனுப்புவதால், என்டருக்குப் பதில் அதை அழுத்துங்கள். வெளியீடு படிக்கட்டு போல வலப்பக்கம் சரிந்துகொண்டே போனாலும் எஸ்டிடிஒய் சேன்தான் வைத்தியம்.

கர்சர் காணாமல் போனாலோ, எழுத்துகள் கோடும் கட்டமுமாக மாறினாலோ கெர்னலைக் குறை சொல்லாதீர்கள். அது டெர்மினல் ஜன்னலின் நினைவில் உள்ள கோளாறு, எஸ்டிடிஒய்க்கு அங்கே கை எட்டாது. கர்சருக்கு 'டிபுட் சிநார்ம்', மற்றவற்றுக்கு 'ரீசெட்'. எதற்கெடுத்தாலும் ரீசெட் என்பவர்கள் உண்டு. நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். திரையைத் துடைக்கும்போது, படிக்க வேண்டிய பிழைச் செய்தியையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

உள்ளே எதுவுமே ஏறவில்லையா? அதே கணினியில் இன்னொரு ஜன்னல் திறந்து, கெட்டுப்போன டெர்மினலின் பெயரை, யார் எந்த டெர்மினலில் என்று காட்டும் 'டபிள்யூ' கட்டளையில் பாருங்கள். அது பிடிஎஸ்/3 என்றால், லினக்ஸில் 'எஸ்டிடிஒய் -எஃப் /டெவ்/பிடிஎஸ்/3 சேன்'. இங்கே எஃப் பெரிய எழுத்து. மேக்கில் சிறிய எழுத்து.

ஸ்கிரிப்ட் உங்களுடையது என்றால் அதையும் திருத்துங்கள். எக்கோவை அணைக்குமுன் 'எஸ்டிடிஒய் -ஜி' தருவதை ஒரு மாறியில் சேமியுங்கள். 'டிராப்' (ஸ்கிரிப்ட் முடியும்போதோ சிக்னல் வரும்போதோ ஓட வேண்டியதைச் சொல்லிவைக்கும் கட்டளை) போட்டு, வெளியேறும்போது அந்த மாறியையே எஸ்டிடிஒய்க்குத் திருப்பிக் கொடுங்கள். பேஷில் எக்ஸிட் டிராப் ஒன்றே போதும், கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் ஓடும். உபுண்டுவில் எஸ்ஹெச் என்று அழைத்தால் வருவது டேஷ் என்ற எளிய ஷெல். கன்ட்ரோல்-சி அனுப்புவது போன்ற நிறுத்தும் சிக்னலில் சாகும்போது அது எக்ஸிட் டிராப்பைக் கவனிக்காது. இன்ட் (கன்ட்ரோல்-சி அனுப்பும் சிக்னல்), டெர்ம் (சாதாரண 'கில்' அனுப்பும் சிக்னல்) இரண்டுக்கும் தனியாக டிராப் வேண்டும். அவற்றின் முடிவில் 'எக்ஸிட்' எழுத மறந்தால் ஸ்கிரிப்ட் சாகாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். என் ஸ்கிரிப்டில் அடுத்த வரி, அந்தத் தவறான டிஸ்கில் எழுதுவது. 'கில் -9' கொடுத்து வலுக்கட்டாயமாகக் கொன்றால் எந்த டிராப்பும் ஓடாது, மறுபடி எஸ்டிடிஒய் சேன்தான்.

என்னைப் போல் கடவுச்சொல்லையும் கொட்டிவிட்டீர்கள் என்றால், ஷெல்லை மூடுமுன், தட்டிய கட்டளைகளைப் பட்டியலிடும் 'ஹிஸ்டரி' கொடுத்து அந்த வரியின் எண்ணைப் பாருங்கள். 'ஹிஸ்டரி -டி' போட்டு அந்த எண்ணைக் கொடுத்தால் வரி போய்விடும். மூடும்போதுதான் பேஷ் வழக்கமாக அதைக் கோப்பில் எழுதுகிறது. கடவுச்சொல்லை எப்படியும் மாற்றிவிடுங்கள்; நான் மாற்றிவிட்டுத்தான் படுத்தேன்.