சரிந்த சீபெக் மதிப்பை மீட்ட கதை – என் அனுபவம்

பிஸ்மத் டெல்லூரைடு, வெப்ப வேறுபாட்டை மின்சாரமாக மாற்றும் பொருள். செலினியம் கலந்த அதன் என்-வகையில் (எலக்ட்ரான்கள் மின்சாரத்தைச் சுமக்கும் வகை) வெப்பக் கடத்தலைக் குறைக்க நினைத்து, பந்து ஆலையில் 10 மணி நேரம் அரைத்து, ஸ்பார்க் பிளாஸ்மா முறையில் (மின்துடிப்பால் சூடாக்கி அழுத்தும் முறை) வில்லையாக இறுக்கினேன். வெப்பக் கடத்தல் குறைந்தது. ஆனால் சீபெக் மதிப்பும் (ஒரு பாகை வெப்ப வேறுபாட்டுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம்) எலக்ட்ரான் நகர்திறனும் சேர்ந்தே சரிந்தன.

உடைத்த முகத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இந்தப் பொருள் சீட்டுக்கட்டு மாதிரி. ஐந்து அணு அடுக்கு சேர்ந்தது ஒரு தாள். தாள்களுக்கு நடுவே பலவீனமான பிணைப்பு. மின்சாரம் தாளின் திசையில்தான் சுலபமாக ஓடும். என் வில்லையிலோ தாள்கள் கண்டபடி சிதறிக் கிடந்தன. பி-வகை (எலக்ட்ரான் காலியிடங்கள் மின்சாரத்தைச் சுமக்கும் வகை) இதை ஓரளவு தாங்கும், என்-வகை தாங்காது. போதாக்குறைக்கு, அரைக்கும்போது உண்டாகும் படிகக் குறைகள் கூடுதல் எலக்ட்ரான்களைத் தருகின்றன. சீபெக் சரிந்தது அதனால்தான்.

சரி, அரைப்பதை 1 மணி நேரமாகக் குறைத்தேன். பொடியை ஆர்கான் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கையாண்டேன். அப்புறம் 10 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. உயரமும் உள்ள வில்லையை 20 மி.மீ. அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்தினேன். அது பரவி 3 மி.மீ. தட்டானது, தாள்கள் அழுத்தத்துக்குக் குறுக்கே படுத்துக்கொண்டன. எக்ஸ்-கதிர் வரைபடத்தில், தாள்கள் படுத்திருப்பதைக் காட்டும் 006 கோடு ஓங்கி நின்றதைப் பார்த்து அத்தனை சந்தோஷம்!

இப்படிப்பட்ட தட்டில் மின்கடத்தலையும் வெப்பக் கடத்தலையும் ஒரே திசையில் அளந்தே ஆகவேண்டும். திசை மாறினால் இசட்-டி (வெப்பத்தை மின்சாரமாக்கும் திறனைச் சொல்லும் எண்) பொய்யாக ஏறிவிடும். நான் தட்டைக் கீற்றுகளாக வெட்டி, 90 பாகை திருப்பி ஒட்டி, வெப்பத்தையும் தாளின் திசையிலேயே அளந்தேன்.